வற்றவைத்த பதினோரு குளங்கள்

தென் சீனாவின் முத்து ஆற்றுக் கழிமுகத்தில் எந்த நிலம் இயற்கைக்கு, எந்த நிலம் கட்டடத்துக்கு என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது என் பிழைப்பு. இருபது வருடத்துச் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பச்சையும் நீலமும் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசிப் படத்தில், ஆற்றுக்கும் எங்கள் எட்டு டவர் குடியிருப்புக்கும் நடுவிலிருந்த பதினோரு மீன் குளங்களும் வெறும் மண். செத்த குளங்கள் என்று குறித்தேன். நான் கையெழுத்துப் போட்டால் அங்கே அடுக்குமாடி எழும்பிவிடும்.

அதற்கு முன் நேரில் பார்ப்பது வழக்கம். சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது போனேன். படம் சொன்னது சரிதான், சொட்டுத் தண்ணீர் இல்லை. முழங்கால் சேற்றில் நின்று ஒரு பெண்மணி சேற்றை வாரிக் கரை வாழைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குளங்களில் மீன் வளர்க்கும் லோ யுக்லின்.

"இந்தக் குளமெல்லாம் எப்பக்கா செத்துச்சு?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் அடையாள அட்டையைப் பார்த்தார். "செத்துச்சா? புத்தாண்டுக்குன்னு போன வாரம்தான் மீன் பிடிச்சோம். வருசா வருசம் இப்ப வத்த வெச்சு, சேறள்ளி, வெயில் காட்டி, மறுபடி தண்ணி விடுவோம். நீ எந்த ஊரு தம்பி?"

"இதே ஊருதான்."

"வெளிய சொல்லிக்காத."

கைப்பேசியில் படத்தின் தேதியைத் தேடினேன். ஜனவரி இருபத்தொன்று; அவர் குளத்தை வற்றவைத்த அதே போன வாரம். காது சூடாகிவிட்டது.

"நீங்க பேசாம இருந்திருக்கலாமேக்கா. கட்டடம் வந்தா இந்த ஊர்க்காரங்களுக்கு ஆளுக்கொரு வீடு தர்றாங்களே."

"தருவாங்க. அந்த எட்டு டவர் தண்ணி எங்க போகும்? பெருமழைன்னு அறிவிச்சா முதல் நாளே, கடல் இறங்கற நேரமாப் பாத்து மதகைத் திறந்து ரெண்டு முழம் குறைச்சிடுவேன். வர்ற தண்ணிக்கு இடம் வேணாமா?"

"மீன் தாங்குமா?"

"நெருக்கடிதான். கொஞ்சம் சாகும்."

"யாரு செய்யச் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? டவருக்கு அடியில, தரைக்குக் கீழ வண்டி நிறுத்தியிருக்காங்க, பாவம்."

மூன்றாவது டவரின் நிலத்தடித் தளத்தில்தான் என் வண்டியும் நிற்கிறது. ஒன்பது வருடமாகத் தண்ணீர் ஏறியதில்லை. கட்டியவன் கெட்டிக்காரன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்தச் சேற்றுக்கால்களை மதித்ததுபோல் நான் எந்த அதிகாரியையும் மதித்ததில்லை.

அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது என்றேன். பிரிவுத் தலைவர் ஹோ முறைத்தார். "இருபது வருசமா எல்லாம் குறைஞ்சுகிட்டுதான் வருது. இந்தப் பதினொண்ணுல என்னய்யா வந்துடப்போகுது?"

"இது போனா எட்டு டவரும் முழங்கால் தண்ணில நிக்கும் சார். நானும் நிப்பேன்."

ஒரு மணி நேரம் திட்டு வாங்கினேன். ஆனாலும் குளங்கள், கட்டடம் எழுப்பக்கூடாத பாதுகாப்புக் கோட்டுக்குள் வந்தன. லின் அக்காவுக்குக் கிடைக்கவிருந்த புது வீடு இல்லையென்று ஆயிற்று. நேரில் போய்ச் சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னார்.

மே மாதம் பெருமழை எச்சரிக்கை வந்த காலையில் பதினேழாவது மாடி ஜன்னலைத் திறந்தேன். கீழே மதகுச் சக்கரத்தோடு ஒற்றை ஆளாக அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமும் இந்த ஜன்னல் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது. அலுவலகச் சட்டையோடு இறங்கி ஓடினேன்.

"தள்ளுங்கக்கா, நான் சுத்தறேன்."

"இடப்பக்கமா சுத்து," என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.