அக்காவின் ஃபோல்டர்

வார்ப்புப் பட்டறையின் ஷிப்ட் அறையில் இருப்பது ஒரே கணினி. எல்லோருக்கும் ஒரே லாகின். உருக்கு ஊற்றுகிறவன், அச்சுக்கு மண் அடிக்கிறவன், தரம் பார்க்கிறவள், எல்லோரும் அதில்தான் கணக்கு ஏற்ற வேண்டும். கீபோர்டில் கரி அப்பிப் பாதி எழுத்து தெரியாது.

தரம் பார்க்கிறவள் காலையில் வந்து உட்கார்ந்து திரையைத் தேடினாள். அவள் போட்டு வைத்திருந்த ஃபோல்டரைக் காணோம்.

உலையின் வெப்பப் பதிவை வரைபடமாக்க பைத்தான் நிரல்மொழியின் துணைத் தொகுப்பு, பேக்கேஜ் என்பார்கள், ஒன்று வேண்டியிருந்தது. நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அது தலைமை அலுவலகத்து ஆளிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டுப் பதில் வருவதற்குள் உலையே துருப்பிடித்துவிடும். அதனால் கணினியின் பொது இடத்தைத் தொடாமல், தன் ஃபோல்டருக்குள்ளேயே பேக்கேஜை இறக்கிக்கொண்டாள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காமல் பெட்டிக்குள் துணி வைத்துக்கொள்வது மாதிரி. நேற்று நன்றாக ஓடியது.

இன்று மதியம் விசாரணை. வார்ப்புகள் விரிசல் விட்டதற்கு, ஆறிப்போன உருக்கை ஊற்றினான் என்று அவள் தம்பி மேல் பழி. நிரூபிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து தம்பியே உள்ளே வந்தான். பட்டறையில் அவனுக்குப் பட்டப்பெயர் துடைப்பம். நின்ற இடத்தைச் சுத்தம் செய்யாமல் வீட்டுக்குப் போகமாட்டான்.

“டேய், இங்க இருந்த ஃபோல்டரை எவன்டா எடுத்தான்?”

“நான்தான்க்கா. புரியாத பேர்ல என்னென்னமோ கெடந்துச்சு. எவனோ சினிமா இறக்கியிருக்கான்னு அழிச்சிட்டேன்.”

“கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில கெடக்கும்ல?”

“அதையும் காலி பண்ணிட்டேன்.”

“உன் வேலையக் காப்பாத்த வச்சிருந்தேன்டா அதை! உன்னையும் சேத்துல்ல பெருக்கித் தள்ளியிருக்க!”

அவன் முகம் செத்துப்போயிற்று.

நல்ல வேளை, அவள் எழுதிய நிரலும் பதிவுகளும் பென்டிரைவில் இருந்தன. பேக்கேஜை மட்டும் மறுபடி இறக்க வேண்டும். பட்டறை நெட் எருமை மாதிரி அசைந்தது. தம்பி தன் போன் நெட்டைப் போட்டு, சிக்னலுக்காக ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றான். கை கடுத்தும், பேக்கேஜ் இறங்கி முடியும்வரை அதைத் தாழ்த்தவில்லை.

மதியம் மேலாளர் வந்தார். வரைபடத்தைப் பார்க்குமுன்பே, திரையில் கிடந்த புது ஃபோல்டரைக் காட்டிக் கேட்டார்.

“யாரைக் கேட்டும்மா இதைப் போட்டீங்க?”

“கம்பெனி சிஸ்டத்துல எதையும் மாத்தலைங்க சார். ஃபோல்டரை அழிச்சா தடம் இருக்காது. அழிச்சும் பாத்தாச்சு.”

தம்பி தரையைப் பார்த்தான்.

வரைபடத்தில் எவன் ஷிப்ட் என்றில்லாமல் எல்லா ஷிப்டிலும் அந்த உலையின் வெப்பம் ஒரே மாதிரி சரிந்திருந்தது. மேலாளர் ஒவ்வொரு ஷிப்டாக விரல் வைத்துப் பார்த்தார்.

“உலையைப் பிரிச்சுப் பாக்கச் சொல்றேன். இவன் வேலைக்கு வரட்டும். ஆனா இந்த மாதிரி இனிமே எதுவும் போட முடியாதபடி தடுக்கச் சொல்லப்போறேன்.”

“சரிங்க சார்.”

அவர் போனதும் தம்பி பழக்க தோஷத்தில் மேசையைத் துடைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“இந்த ஃபோல்டரை எடுத்துடவாக்கா?”

“மவுஸ்ல கை வச்சே, ஒடிச்சிடுவேன். உலையைப் பிரிக்கட்டும் முதல்ல.”