முன்கூட்டிப் போட்ட ஒன்பது கையெழுத்து

எழுத்தரம்மா தீர்மானப் புத்தகத்தைப் படபடவென்று புரட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றாயிற்று. இணைப்பு அதிகாரி படியேறுவதற்குள் போன மாதத் தீர்மானம் கையில் இருக்க வேண்டும். 'பக்கத்து ஊரோடு சேர்த்து எங்களை நகராட்சி ஆக்க வேண்டாம்' என்ற அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் ஊர் தப்பிக்கும். இல்லையென்றால் இன்றோடு இந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பூட்டு.

பக்கம் கிடைத்தது. விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

'இணைப்புக்கு ஒருமனதாகச் சம்மதம்.' கீழே ஒன்பது உறுப்பினர்களின் கையெழுத்து. ஒன்றுகூடப் போலி இல்லை.

தலைவரம்மா எட்டிப் பார்த்தார். ஒன்பது பேரும் மேசையைத் தட்டித் தட்டி வேண்டாம் என்ற கூட்டம் அது. அதிகாரிக்காகக் காத்திருந்த டெய்லர் உறுப்பினர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் போட்டப்ப அந்தப் பக்கம் என் தலை மாதிரி வழவழன்னு இருந்துச்சே!"

ஆபீஸ் வழக்கமே அதுதான். சண்டை முற்றினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று, டீ வரும் முன்பே வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நடந்ததை எழுத்தரம்மா பிறகு மேலே எழுதிக்கொள்வாள்.

"இந்தப் புத்தகம் இருக்குற பீரோவுக்கு ரெண்டே சாவி," என்றார் தலைவரம்மா நிதானமாக. "ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு உன் கழுத்துல."

எழுத்தரம்மாவும் விடவில்லை. தலைவரம்மாவின் மருமகன் பக்கத்து ஊரில் கடை கட்டுவதை நினைவுபடுத்தினாள். டெய்லரின் பார்வை இரண்டு பேரையும் மாறி மாறி அளவெடுத்தது.

அதிகாரி கோப்போடு வந்தார், உட்கார்ந்தார், தீர்மானத்தைப் படித்தார். எல்லோரும் சம்மதித்தபின் தமக்கு வேலை சுலபம் என்று பேனாவைத் திறந்தார். தலைவரம்மா புத்தகத்தை இழுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"போன வருஷம் உன் எழுத்து காத்துல சாஞ்ச பயிர் மாதிரி இருக்கு. இந்த ரெண்டு மாசமா சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிக்குது. யாரு எழுதினது?"

எழுத்தரம்மா தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. கட்டோடு எழுதினேன், அதான் அப்படி என்று சொன்னால் வேலை தப்பிக்கும். ஊர் போகும். அதிகாரியின் பேனா தாளைத் தொடப் போனது.

"நான் எழுதல சார். கை ஒடிஞ்சதுலேர்ந்து அக்கா வீட்டுல இருந்தேன். புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில மறைச்சு எடுத்துட்டுப் போனேன். நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதினார். திரும்பப் படிச்சுப் பாக்கல."

புத்தகம் ஆபீஸ் வாசலைத் தாண்டினாலே வேலை போகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. அத்தானுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்.

"பக்கத்து ஊர் ஆபீஸ்ல தலைமை எழுத்தர். ரெண்டு ஊரையும் சேர்க்கணும்னு உங்களுக்கு வந்த மனு அந்தக் கோப்புலதானே இருக்கு? பக்கத்துல வச்சுப் பாருங்க சார். ரெண்டும் ஒரே கை."