ஒரு விரல் துணி

தங்கைக்கு ஏழாம் மாதம். ஊசி போட்டுக்கொள்ள அவளை மருத்துவமனைக்கு அழைத்து வந்தால், அவளுடைய சட்டைக் கை மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. தைத்தவள் நான்தான்.

"தையல்காரி அக்கா இருந்தும் என் கதியைப் பாருங்க சிஸ்டர்," என்று நர்ஸிடம் முறையிட்டாள்.

"நீ ஊதிக்கிட்டே போனா நான் என்னடி பண்றது?"

கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தேன். எந்தச் சட்டையிலும் உள்ளே ஒரு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன்.

"இந்த ஊசி எனக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டாள் தங்கை.

"ரெண்டு பேருக்கும். கக்குவான் இருமலுக்கு. உங்க உடம்புல உண்டாகுற எதிர்ப்புச் சக்தி வயித்துக்குள்ளயே குழந்தைக்குப் போயிடும். பொறந்து அதுக்கே ஊசி போடுற வரைக்கும் அதுதான் காவல்," என்றாள் நர்ஸ்.

என் மகன் நாற்பத்தோரு நாள்தான் இருந்தான். இந்த ஊசியைப் பற்றி அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் இருமியவள் நான். வெறும் சளிதானே என்று முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினேன்.

ஒன்பது வருடமாக எந்தக் குழந்தையையும் தூக்கியதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன், கை இரண்டும் பரபரக்கும். யாராவது நீட்டினால் மட்டும், "கையெல்லாம் மெஷின் எண்ணெய்" என்று நழுவிவிடுவேன். தெருவே நம்பியது.

ஊசி போட்டு முடித்த நர்ஸ், "வீட்ல குழந்தையை யாரு தூக்குவாங்க? அவங்களும் போட்டுக்கிட்டா நல்லது," என்றாள்.

"வீட்டுக்காரர் நேத்தே போட்டுக்கிட்டார்." தங்கை பஞ்சை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஆனா அதிகம் தூக்கப்போறது எங்க அக்காதான்."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. கையெல்லாம் வேற..."

"எண்ணெய். தெரியும். கழுவிக்கலாம்க்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நர்ஸ் சட்டென்று மருந்துப் பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

என் சட்டைக் கையும் இறுக்கம்தான். ஊருக்கெல்லாம் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள், எனக்குச் செய்துகொண்டதில்லை. கத்தரியைத் தங்கையிடம் நீட்டினேன்.

"பாத்துப் பிரிடி. துணியை வெட்டிடாத," என்றேன். "அப்புறம், பொறந்ததும் முதல்ல என் கையிலதான் குடுக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."