பதினாலு ஒட்டு

என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிட்டர். பெயர் வீரமலை. வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதினால் குற்றமில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ரயில் இஞ்சின் பாய்லரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் அவரும் அவருடைய தம்பியும்.

அப்பேர்ப்பட்டவரால் தன் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று எந்த வழியாகப் போகிறது என்று மூன்று வாரமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1958-இல் நடந்தது இது. அப்போது மன்னார்புரத்தில் குடியிருந்தோம். சாயங்காலம் கல் மாதிரி காற்றடித்து வைப்பார். காலையில் டயர் தரையோடு தரையாகக் கிடக்கும்.

ரோடு முக்கில் சின்னையன் சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே கொடுத்தால் என்ன என்று முதல் வாரமே கேட்டேன்.

"நான் பாய்லர் பிட்டரு. ஒரு பஞ்சருக்குப் போயி அவன் கடையில நிக்கவா? ஒர்க்‌ஷாப் ஆளுங்க பூரா அங்கதான் காத்தடிக்கிறானுங்க. என்னையப் பாத்தா சிரிக்க மாட்டானுங்க?"

அதனால் தினமும் வேலை விட்டு வந்ததும் வாசலில் சைக்கிள் தலைகீழாக நிற்கும். டயரை நெம்ப என் கரண்டிகளில் இரண்டு போயின. டியூபை முக்கிப் பார்க்க நான் அரிசி களையும் அகலப் பாத்திரம் போயிற்று. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் சோற்றில் ரப்பர் வாசனை அடிக்கும். கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். ஒர்க்‌ஷாப் புகையில் மூக்கு எப்போதோ போய்விட்டது.

வேலை சுத்தமாகச் செய்வார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. குமிழி தெரிந்த இடத்தில், நனைந்தால் ஊதாவாகும் காப்பி பென்சிலால் வட்டம் போடுவார். துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது இறுகும் வரை பொறுமையாக ஊதிக்கொண்டிருப்பார். பழைய டியூபில் வட்டமாக வெட்டிய துண்டை வைத்துச் சுத்தியலால் செல்லமாகத் தட்டுவார். என்னிடம் ஒருநாளாவது அப்படி நிதானமாக இருந்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் காற்று இருக்காது. சாயங்காலம் இன்னொரு குமிழி, இன்னொரு வட்டம், இன்னொரு ஒட்டு.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் போயிருப்பேன். அந்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த வேலை. வியாழக்கிழமை டெஸ்ட். மாதத்தில் மூன்று தடவை, வேலை தொடங்க ஊதும் இரண்டாம் சங்குக்குப் பிறகு கேட்டுக்குள் நுழைந்தவன் பெயர் லிஸ்டிலிருந்து அடிபட்டுப்போகும். சைக்கிள் புண்ணியத்தில் ஏற்கெனவே ஒரு தடவை ஆகியிருந்தது. மேஸ்திரி சம்சாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டியூபைத் தண்ணீரில் முக்குகிறார். இடது கைக் கட்டைவிரல் வால்வின் வாய்மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிச் சுற்றி முக்குகிறார், விரலை மட்டும் எடுக்கவில்லை.

"ஏங்க, அந்தக் கட்டைவிரல எடுங்க."

"எதுக்கு?"

"அது வழியா போகுதோ என்னமோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பதினோரு வருஷ சர்வீஸ் இருந்தது. "பாய்லர எப்படி டெஸ்ட் பண்ணுவோம் தெரியுமா? தண்ணிய நெரப்பி, இருக்குற வாய எல்லாம் மொதல்ல இறுக்கி அடைப்போம். அப்புறம்தான் பம்பு போட்டு அழுத்தம் குடுப்போம். வாய அடைக்காம டெஸ்ட் பண்றவன் பிட்டரே இல்ல."

"இது பாய்லர் இல்லீங்களே."

"அழுத்தம்னா எல்லாம் ஒண்ணுதான் புள்ள. நீ போயி உலையப் பாரு."

போனேன். கோபத்தில் உப்பு இரண்டு தடவை போட்டேன், அதை அவர் வாய் பேசாமல் சாப்பிட்டார். அன்றைக்கு ஒட்டியது பதினாலாவது ஒட்டு.

புதன்கிழமை விடிந்ததும் டயர் பழையபடி தரையில். பம்ப் அடித்தார், அடிக்க அடிக்க இறங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக்கட்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். தெருமுனை தாண்டும் முன்பே முதல் சங்கு ஊதிவிட்டது. இரண்டாம் தடவை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். பொம்பளை ஆம்பளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

சின்னையன் நாலு தடவை பம்ப் அடித்தார். விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். எச்சில் முட்டையாக உப்பி வெடித்தது. அவ்வளவுதான், மூன்று வாரக் கதை முடிந்தது. வால்வைக் கழற்றி, அதற்குள் மாட்டியிருந்த சின்ன ரப்பர் குழலை உருவிக் காட்டினார்.

"வால்டியூப்பு இத்துப்போச்சும்மா. வேற ஒண்ணுமில்ல."

புதிதாக ஒன்று மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். எதற்கும் டியூபையும் பார்த்துவிடுவோம் என்று வெளியே இழுத்தவர், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்.

"பதினாலு! யாரும்மா இத ஒட்டுனது? முள்ளு குத்துனா டயர்ல தடம் இருக்கணும். டயர் பூரா சுத்தமா இருக்கு. தண்ணியில முக்குனா ரப்பர் மேல காத்துப்பொட்டு சும்மாவே ஒட்டி நிக்கும், கையால வழிச்சா போயிரும். திரும்ப வந்தாத்தான் பொத்தல். பொத்தலே இல்லாத எடத்துக்கெல்லாம் வைத்தியம் பாத்திருக்கே!"

சின்னையன் வாயில் விழுந்தது மறுநாள் முதல் சங்குக்கு முன்னால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். டெஸ்டுக்கு நிற்கிற மனுஷனை எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள்.

"நான்தான் ஒட்டுனேன்" என்றேன்.

"அதானே பாத்தேன்! பாய்லர் பிட்டரு வீட்டுலயா இப்படின்னு. பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

பம்பை எடுத்து ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தவர் டயரை அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"நான்தான் பம்பு அடிச்சு வச்சேன்" என்றேன். அது பாதிப் பொய்.

விடிந்தும் காற்று அப்படியே இருந்தது. "பாத்தியா? ஒட்டு இறுக ஒருநாள் வேணும். செவ்வாக்கெழம போட்டேன்ல, அதான் எடம்" என்றார். என் நாக்கு நுனியில் வந்ததை விழுங்கினேன். டெஸ்டுக்குப் போகிறவரிடம் தர்க்கம் எதற்கு? முதல் சங்குக்கு முன்னாலேயே கேட்டுக்குள் போய்விட்டாராம். சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். மேஸ்திரி ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெருமாளுக்கு நன்றி சொல்ல ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டோம். நான் பின்னால் கேரியரில். முன்சக்கரத்துக்குக் காற்றுப் போதவில்லை என்று சின்னையன் கடையில் நிறுத்திவிட்டார். என் கெட்ட நேரம், மேஸ்திரியாக இவர் புதிதாக மேய்க்கப்போகிற நாலு பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா! பதினஞ்சாவது ஒட்டு போட்டாச்சா?" என்றார் சின்னையன். பிறகு அந்த நாலு பேருக்கும் கதையை விலாவாரியாகச் சொன்னார். "மேஸ்திரி, பாய்லர் பக்கம் மட்டும் இவங்கள விட்டுறாதீங்க!"

நாலு பேரும் மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். குனிந்து பின்சக்கர வால்வைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பேசாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"அந்தப் பதினாலும் நான் போட்டது" என்றார். "வால்வு வாய விரலால அடச்சுக்கிட்டே தண்ணியில முக்குனேன். விரல எடுங்கன்னு இவ சொன்னா. நான் கேக்கல."

அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு. நாலு பேரில் காத்தான் என்ற ஒல்லிப் பையன் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவர் காது சிவக்க நின்று, முழுச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் சைக்கிளில் ஏறினார்.

காவேரிப் பாலத்தில் ஏறினோம். அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"பொய் சொல்லி நான் கெட்ட பேரு வாங்கிக்கிட்டேன். எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டீங்களே. நாளைக்கு எப்படி அவங்கள வேல வாங்குவீங்க?"

மிதித்துக்கொண்டே பதில் சொன்னார். "நாளைலேருந்து நான் சரின்னு சொன்னாத்தான் அவனுங்க பாய்லர மூடுவானுங்க. நானும் தப்பு பண்ணுவேன்னு அவனுங்களுக்குத் தெரியட்டும் புள்ள. வெரல எடுங்கன்னு சொல்ல ஒருத்தனுக்காவது வாய் வரணும்ல."

அந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டதற்கு அன்றைக்குத்தான் நான் முழுசாகச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் விட மனசு வரவில்லை.

"அப்ப செவ்வாக்கெழம நான் சொன்னப்ப?"

பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. அவர் மணியை அடித்தார். அக்கரை போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே போனார்.