அய்யாத்துரையின் மூச்சும் பேரருவியும்

ஆய்க்குடியில் அய்யாத்துரை தூங்கும்போது மூச்சு நின்றால், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் குற்றாலம் பேரருவியில் தண்ணீரும் நின்றது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆனி மாதத்தில் இது தொடங்கியது. அவர் குற்றாலத்தில் செல்லச்சாமியின் லாட்ஜுக்கு இரவுக் காவல். காலையில் வீட்டுக்கு வந்து பரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு மல்லாந்து படுப்பார். பத்து மணிக்கெல்லாம் குறட்டை தெருமுனைவரை கேட்கும். பிறகு சட்டென்று நிற்கும். அந்த நொடியில் அருவி பாதி வழியில் அப்படியே நிற்கும். பொங்குமாங்கடல் பள்ளத்தின் இரைச்சல் அடங்கி, மலைமேல் குரங்குகள் கிளை தாவுவது கேட்கும். சாரல் அந்தரத்தில் மணிமணியாக நிற்கும். மதுரையிலிருந்து வந்த ஒரு குழந்தை ஒரு துளியை விரலால் தள்ளியது. துளி ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் நின்றது. குழந்தையின் அப்பா இடுப்பில் ஈரத் துண்டோடு கைகூப்பி நின்றார். பதினைந்து நொடி, இருபது நொடி. பிறகு ஆய்க்குடியில் அய்யாத்துரை கனைத்துப் புரள்வார். தண்ணீர் விழும்.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி கல்யாணசுந்தரி. அருவிக்கரையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவள். இருபத்தாறு வருஷம் அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்ததில் அதன் தாளம் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் நிற்கும்போது கூட்டம் கைதட்டும். அவள் மட்டும் தராசைக் கீழே வைத்துவிட்டுத் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். இருபது நொடியைத் தாண்டினால் போன் போட்டு அவரை எழுப்புவாள்.

இது செல்லச்சாமிக்குப் பிடிக்கவில்லை. அருவி நிற்பதைப் பார்க்க வந்த கூட்டத்தால் அடுத்த சீசனில் அவர் லாட்ஜில் ஒரு அறையும் காலியாக இல்லை. காவலாளிக்குத் தினமும் இரண்டு பரோட்டாப் பார்சல் கூடுதலாகக் கொடுத்தனுப்பினார். ஒரு நாள் பழக்கடைக்கே வந்தார்.

"ஏம்மா கல்யாணி, ஒம் புருசன் ஊருக்கே தூங்குதாரு. எழுப்பிக் கெடுத்துராத."

"அண்ணாச்சி, நீங்க தண்ணியப் பாக்குதிய. நான் அவுக மூச்சப் பாக்குதேன்."

அய்யாத்துரையும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கழுத்து பருத்தது. எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் லாட்ஜ் வாசலில் நின்றபடியே கண்ணயர்ந்தார். "ராத்திரி பூரா முழிச்சிருக்கவனத் தூங்க விட மாட்டியா? தண்ணி நின்னா ஒனக்கும் பழம் விக்குதுல்லா?" என்று கத்திவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றே காலுக்குத் தண்ணீர் நின்றது. கூட்டம் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தது. முப்பதில் விசில் அடித்தார்கள். ஐம்பதில் விசில் ஓய்ந்தது. கல்யாணசுந்தரி நான்கு முறை போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. எழுபதைத் தாண்டியதும் எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். தொங்கிய தண்ணீர் ஓரங்களில் நீலம் பூத்தது. அவள் செருப்போடு பெண்கள் பக்கம் இறங்கி, தண்ணீருக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள்.

"ஏலே அய்யாத்துரை! எந்திலே!"

முழு அருவியும் அவள் தலையில் விழுந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து அவளை இழுத்துக் கரையேற்றினார்கள். ஆய்க்குடியில் அய்யாத்துரை விக்கி எழுந்து உட்கார்ந்தார். முகமும் தலையணையும் நனைந்திருந்தன. மறுநாள் காலையில் அவர் பரோட்டா தின்னவில்லை.

அன்றே கல்யாணசுந்தரி அவரைத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் ஜுஹைனா அவர் கழுத்தை நாடாவால் அளந்தார். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, கழுத்துக் கொழுப்பு மிச்ச வழியையும் நெருக்குகிறது என்றார். குறுகிய வழியில் காற்று சதையை அடித்துக்கொண்டு போவதுதான் குறட்டை.

"சத்தம் மட்டும்னா பெரிய பயமில்லம்மா. சத்தம் நடுவுல நிக்குதுல்லா, அதுதான் வியாதி."

உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்ததில் மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றது. அதே மணியில் அருவி நின்றதை எண்ண டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். அதுவும் நாற்பத்தொன்று. இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடையைக் குறைக்க வேண்டும், குடி கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இவருக்கு ஆபரேஷன் வேண்டாம், மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை ஊதும் மிஷின் போதும் என்றார்.

மிஷின் வந்த நாளிலிருந்து அருவி மற்ற அருவிகளைப்போல விழுகிறது. செல்லச்சாமி லாட்ஜுக்கு வேறு காவலாளி வைத்துக்கொண்டார். அய்யாத்துரை ஆய்க்குடியிலேயே ஒரு தோப்புக்குப் பகல் காவல் போகிறார்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் படுக்கிறார். கல்யாணசுந்தரி இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். மின்சாரம் போனால் அது பிடிக்க இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடி பேரருவி நிற்கும். அவள் பழத்தை நிறுத்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். எண்ணெய்த் தலையோடு குளிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "ஆய்க்குடியில கரண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு, விழும் தண்ணீருக்கு மறுபடியும் தலையைக் கொடுக்கிறார்கள்.