நீங்க சாப்பிடுங்க

இருபத்து மூன்றாம் நம்பர் பஸ்ஸின் கதவு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மூடியது, அதன் பிறகு ஆறு வருடம் திறக்கவில்லை. உள்ளே முப்பத்தொரு பயணிகளும் ஒரு கண்டக்டரும் இருந்தார்கள். டிரைவர் மட்டும் தப்பித்தார், அவருக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனிக் கதவு. இத்தனைக்கும் காரணம் ஒரு சாப்பாட்டு டப்பா.

டப்பாக்காரர் பகலில் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்குகிறவர், மாலையில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன். இரண்டு வேலைக்கும் நடுவே அவருக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம், அந்த நாற்பது நிமிடமும் பஸ்ஸில்தான். வேறு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் மனுஷன்? டப்பாவில் வறுத்த மீன், அவித்த முட்டை, பச்சைப் பூண்டு. ஏசி பஸ், ஜன்னலெல்லாம் திறக்காத கண்ணாடி. அதற்குள் அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

ஆனால் மரியாதை தெரிந்தவர். மூடியைத் திறக்கும் முன் பக்கத்து சீட்டைப் பார்த்து, "சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தது ஒரு தையல்காரி. அவள், "வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க" என்றாள். நம்மில் யார் வேறு பதில் சொல்லியிருக்கிறோம்? மூடி திறந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. உக்கார முடியலை, அப்படி நாறுது." அதை டப்பாக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவரே மூடி வைத்திருப்பார். நமக்கு அது வராது. பக்கத்தில் இருப்பவரைப் பற்றி எட்டத்தில் இருப்பவரிடம்தான் சொல்வோம்.

கண்டக்டருக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. போதாததற்கு அவருக்குக் கரிநாக்கு என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க சார், நல்லா சாப்பிடுங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இறங்க மாட்டோம். கதவே திறக்காது, போதுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறக்கவில்லை. அது தையல்காரி இறங்கவேண்டிய இடம். அவளுடைய நாலு வயசு மகள் சித்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

கடப்பாரை போட்டார்கள், கடப்பாரை வளைந்தது. கண்ணாடியை அறுத்தார்கள், அறுத்த இடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. அதிகாரிகள் மூன்று பேர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குள் உண்ணக்கூடாது" என்று ஒரு போர்டை வெளிப்பக்கமாக மாட்டிவிட்டுப் போனார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்று அறிக்கை எழுதினார்களாம். அதனால் வண்டி ஓடியது. டீசல் போட்டார்கள், டிரைவர்கள் மாறினார்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம் நின்றது. உள்ளே யாருக்கும் பசிக்கவில்லை, அந்த நாற்றத்தில் எவனுக்குப் பசிக்கும்? ஆனால் எல்லாரும் இளைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு கல்லூரி மாணவன் புத்தகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டச் சொல்லியே பட்டம் வாங்கிவிட்டான். பின் சீட்டுப் பெரியவர் இரண்டு மருமகள்களையும் கண்ணாடி வழியாகவே பார்த்து ஆசீர்வாதம் செய்தார்.

டப்பாக்காரரின் பாடுதான் பெரும்பாடு. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும், அவர் தின்றாகவேண்டும். தினமும் ஆறு பத்துக்கு ஆரம்பித்து அழுதுகொண்டே தின்பார். கடைசித் துண்டு மிஞ்சும்போது, பழக்கதோஷம், பக்கத்து சீட்டைப் பார்த்து, "சாப்பிடுறீங்களாம்மா?" என்பார். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, "வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க" என்பாள். அந்த வார்த்தை விழுந்ததும் டப்பா மறுபடி விளிம்பு வரை நிறைந்துவிடும். இது இரண்டாயிரம் தடவைக்கு மேல் நடந்தது. இத்தனை பேர் கண்ணால் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பதிலை யாரும் ஒரு பேச்சாகவே நினைப்பதில்லை, இருமல் மாதிரி அது பாட்டுக்கு வாயில் வந்துவிடுகிறது.

தையல்காரியின் பையில் அன்றைக்குத் தைத்து முடித்த ஒரு கவுன் இருந்தது, மகளுக்கு. தினமும் ஒரு நிமிடம் மகளைக் கண்ணாலேயே அளவெடுத்து, கவுனைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினாள். துணி போதாதபோது சீட்டு உறையை வெட்டினாள். கைக்குப் பட்டையில்லாமல் தவித்தபோது கண்டக்டர் தன் காக்கிச் சட்டையின் காலரைக் கிழித்துக் கொடுத்தார். அந்த நாக்கு ஆறு வருடமாக யாரையும் கேலி பேசவில்லை.

கண்ணாடி வழியாகக் குரல் கேட்காது. அதனால் மகள் தினமும் வெளியே நின்று ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவாள்: சாப்டியா? தாய் தலையாட்டுவாள்: ஆச்சு. பச்சைப் பொய். பத்து வயதில் ஒருநாள் பெண் அதை நம்பவில்லை. கன்னம் ஒட்டிப்போன அம்மாவை உற்றுப் பார்த்தாள். எங்கே, சாப்பிட்டுக் காட்டு என்று கையை ஆட்டினாள். தாய் சிரித்து மழுப்பப் பார்த்தாள். பெண் போய் பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. பிடிவாதம் அப்படியே அம்மாவைக் கொண்டது.

அந்த நேரம் பார்த்து டப்பாக்காரர் கடைசித் துண்டோடு திரும்பினார். "சாப்பிடுறீங்களாம்மா?"

தையல்காரி எழுந்து முன் கண்ணாடி தெரிகிற இடத்துக்கு வந்தாள். "குடுங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"குடுங்கண்ணே. என் பொண்ணு பாக்கணும்."

அவர் கொண்டுவந்து கொடுத்த மீனைப் பிட்டு, மகள் பார்க்க வாயில் போட்டாள். குமட்டியது, விழுங்கினாள். இரண்டாம் வாய்க்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வாசனையாத்தான் இருக்கு" என்றாள். டப்பாக்காரர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் எண்ணெய்தான் இருந்தது. மூடியை மூடினார். கதவு வழக்கம்போலப் புஸ்ஸென்று திறந்தது.

எல்லாரும் வரிசையாக இறங்கினார்கள், கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் பார்த்து இறங்கும்படி சொன்னார். டப்பாக்காரர் கிடங்குக்குத் தாமதமாகிவிட்டது என்று ஓடினார். தாயும் மகளும் ரோட்டோரத்தில் நெடுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்புறம் கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். தோள் சரி, இடுப்பு சரி, கைப்பட்டையும் சரி. நீளம் மட்டும் நாலு விரல் குறைந்தது. ஆறு வருடமும் பஸ்ஸின் உயரத்திலிருந்து குனிந்தே பார்த்தவள் மகளைக் குட்டையாகவே அளந்திருந்தாள். தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து மகளை அண்ணாந்து பார்த்தாள். "இவ்ளோ உயரமாடி நீ?"

"மடிப்பைப் பிரிச்சா சரியாயிடும்மா" என்றாள் பெண்.

மறுநாள் அந்தக் கவுனோடுதான் பள்ளிக்குப் போனாள், இருபத்து மூன்றாம் நம்பரில். கவுனில் மீன், பூண்டு வாடை ஆளைத் தூக்கியது. பஸ்ஸில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை, அவள் நிறுத்தம் வந்ததும் கதவு திறந்தது.