ஆறாவது திருகு

இதய அறுவை முடிந்ததும், பிளந்த மார்பெலும்பை எஃகுக் கம்பிகளால் கட்டி மூடுவார்கள். கம்பியின் இரு முனைகளையும் சேர்த்து ஐந்து திருகு. அந்தக் கட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. செயற்கை எலும்பில் கட்டித் தருவார்கள். நான் இயந்திரத்தில் மாட்டி, விட்டுப்போகும்வரை இழுப்பேன்.

இந்த முறை பெரிய டாக்டர் ஆறு கட்டினார், அவருடைய உதவி டாக்டரம்மா ஆறு. அந்த அம்மாவின் ஆறும் ஜம்மென்று நின்றன. பெரியவருடைய ஆறும் பாதி இழுப்பிலேயே எலும்பை அறுத்துக்கொண்டு வந்துவிட்டன.

"உங்க மிஷின் சரியில்ல."

"காலைலதான் சரிபார்த்தோம் டாக்டர்."

"அப்ப எலும்பு மட்டம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி எலும்புதான்."

"இருபது வருஷமா கட்டறேம்மா!"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு நாளாக இருந்தால் அறிக்கையை எழுதிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை இதே மனிதர் என் அக்காவின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்.

"இன்னொண்ணு கட்டுங்க. வாய்விட்டு எண்ணுங்க."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எண்ணினார். ஐந்தோடு வாய் நின்றது. கை நிற்கவில்லை, இன்னொரு திருகு திருகியது.

"அது என்ன டாக்டர்?"

"எது? நான் ஒண்ணும் பண்ணலையே!"

செல்போனில் எடுத்திருந்ததை மூக்குக்கு நேரே நீட்டினேன். மூன்று முறை பார்த்தார்.

"சும்மா... ஒரு திருப்திக்கு," என்றார்.

"உங்க திருப்தி எலும்பை அறுக்குது. வியாழக்கிழமை நீங்க மூடப்போறது எங்க அக்கா நெஞ்சு. எனக்குப் பயமா இருக்கு டாக்டர்."

குரல் உடைந்துவிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது. அவர் மீதிக் கம்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் பத்தாவது தடவையாகக் கேட்டார்: "டாக்டர் கைராசிக்காரர்தானே?"

"அந்தக் கையைப் பத்தி மட்டும் பேசாதீங்க மாமா!"

கதவு திறந்தது. பெரிய டாக்டர் நேராக என்னிடம் வந்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"அக்கா நல்லா இருக்காங்க. அஞ்சேதான். ஆறாவதுக்குக் கை போகத்தான் செஞ்சுது. டாக்டரம்மா பிடிச்சுட்டாங்க."

"ஒரு தடவையா?"

"எட்டுக் கம்பி. எட்டுத் தடவையும்," என்றவர், சிவந்துபோயிருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.